ஆறு அங்குலம்

மார்ச்சில் மலைச்சரிவு சிவக்கும் முன்பே
வெள்ளை வேன் வந்துவிடும்.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஸ்லீப்பிங் பேக்,
கூரையில் கட்டிய ஏணி.
வசந்த விடுமுறைக்கு மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குப் போக
இவர்கள் ஒஹாயோவிலிருந்து
எங்கள் ஸ்பைஸ்வுட் ஓடைக்கு வருகிறார்கள்.
தேவாலயத்து நிலவறையில் படுக்கை.
மூன்று வேளையும் வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டி.

போன வருடம் எனக்கொரு சாய்தளம் கட்டினார்கள்.
ஒன்பது அடி. புது பைன் மர வாசனை.
கைப்பிடிச் சட்டத்தின் அடியில்
ஆளாளுக்குப் பெயர் எழுதினார்கள்.
நன்றி சொல்லிப் படம் அனுப்பினேன்:
பாதிச் சாய்வில் சக்கர நாற்காலி,
பல்லெல்லாம் தெரிய நான்.
பின்னால் மச்சான் ஹார்லன்
நாற்காலியை நெஞ்சால் முட்டுக்கொடுத்து
மூச்சடக்கி நின்றது
படத்தில் விழவில்லை.

அதன்பிறகு அதில் விறகு அடுக்கினோம்.
பூனை வெயில் காய்ந்தது.
மழைத்தண்ணீர் மட்டும்
சிரமமில்லாமல் இறங்கிப் போனது.

இந்த வருடம் அவர்களுக்கு வேலை வேறிடத்தில்.
பள்ளிச் சுவரில் சூரியகாந்தி வரைய வேண்டுமாம்.
ஆனெலீஸ் சும்மா எட்டிப்பார்க்க வந்தாள்.
போன வருடம் டேப் பிடித்து அளந்த பெண்;
இப்போது தலைவி, கக்கத்தில் பட்டியல் அட்டை.
விறகைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஒவ்வொரு கட்டையாய் எடுத்துப் புல்லில் போட்டாள்.
பிறகு, என் பழைய நாற்காலி,
இருக்கை கிழிந்தது,
அதைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள்.

மூன்று தள்ளு.
முன்சக்கரம் அந்தரத்தில் எழும்ப
பின்னோக்கி உருண்டு சேற்றில் சாய்ந்தாள்.
கோர்மக் என்ற பையன் ஓடிவந்தான்.
"தொடாதே."
மறுபடி. மறுபடியும் சேறு.

"படத்தில் சிரித்தீர்களே?"

விருந்துக்கு வந்தவர்களே சமைத்துப் போட்டால்
உப்புக் குறை சொல்வதா?
அப்படி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.
உயரம் இருபத்தெட்டு அங்குலம்.
அங்குலத்துக்கு ஓர் அடி நீளம்.
கணக்கு அவ்வளவுதான்.
சுரங்கத்தில் பதினாறு வருடம்
சரிவு பார்த்துக் கால் வைத்தவன் நான்.
முதல் பலகை அடிக்கும்போதே தெரியும் எனக்கு.
இதை அவளிடம் சொல்லவில்லை.

இரவு நிலவறையில் சண்டை என்று
சூப் கொண்டுபோன கோல்டி சொன்னாள்.
"தப்பாகக் கட்டினோம், அளந்தது நான்" என்றாளாம் அவள்.
சுவருக்குப் பெயின்ட் கலந்தாயிற்றே என்றார்களாம் பலர்.
காலையில் வந்தது நான்கு பேர்.

பிரிப்பதற்கே ஒரு நாள் போயிற்று.
"பெயர் எழுதிய பலகையை என்ன செய்ய?"
"அடுப்பு இருக்கிறது" என்றேன், விளையாட்டாக.
அவள் சிரிக்கவில்லை.
தானே கொண்டுபோய்த் திணித்தாள்.
நன்றாகவே எரிந்தது.

திரும்புமிடத்தில் ஒரு மேடை வைத்து
இருபத்திரண்டு அடி முடித்தபோது
மரமும் தீர்ந்தது, காசும் தீர்ந்தது, வெள்ளிக்கிழமையும் தீர்ந்தது.
திங்கள் வகுப்பு. வேன் கிளம்பிற்று.
யாரும் படம் எடுக்கவில்லை.
மிச்சப் பலகைக்கு வழி பார்ப்பதாக ஆனெலீஸ் சொன்னாள்.
பார்ப்பாளாக இருக்கும்.

இப்போது சாய்தளம்
தரைக்கு ஆறு அங்குலம் மேலே
அந்தரத்தில் நிற்கிறது.
இறங்கிவிடலாம்; ஒரு குலுக்கல், அவ்வளவே.
ஏறத்தான் ஆள் வேண்டும்.

நேற்று ஹார்லன் ஊரில் இல்லை.
கோல்டிக்கும் சொல்லவில்லை.
இறங்கிவிட்டேன்.
சரளைக்கல்லில் சக்கரம் நொறுநொறுக்க
தபால்பெட்டி வரை போய்
மின்சார பில்லை நானே எடுத்தேன்.
பிறகு சாலையோரமாய் உட்கார்ந்து
போகிற லாரிக்கெல்லாம் கை காட்டினேன்,
யாரையும் நிறுத்துவதற்காக அல்ல.